நாடா அவிழ்ந்த தீர்ப்பு

அந்த நாடாவை நான் அறுக்கவில்லை, அவிழ்த்தேன். சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதானாம். எனக்கு அப்படியில்லை. அறுக்கிறவன் அவசரக்காரன், அவிழ்க்கிறவனிடம் கொஞ்சமாவது நிதானம் இருக்கும். என்னுடைய அந்த நிதானத்தால்தான் ஒரு மனிதருடைய ஒன்பது அச்சுகளும் கப்பலேறிப் போகப் பார்த்தன.

நான் வக்கீல் குமாஸ்தா. நாற்பத்தோரு வருஷமாக அதே நாற்காலி. முதலில் பெரிய வக்கீலிடம் இருந்தேன், இப்போது அவர் மகளிடம் இருக்கிறேன். வக்கீலம்மா குழந்தையாக இருந்தபோது நான்தான் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவேன். அந்த உரிமையில் இன்றைக்கும் என்னை 'ஐயா' என்று கூப்பிட்டுவிட்டுத்தான் திட்டுவார்.

அந்த வழக்கில் எங்கள் கட்சிக்காரர் கப்பல்களுக்குச் சங்கு செய்கிறவர். மூடுபனியில் ஒரு கப்பல் வருவதை இன்னொரு கப்பலுக்குச் சொல்வதற்காக ஊதுவார்களே, அந்த வெண்கலச் சங்கு. நாங்கள் அவரையே சங்குக்காரர் என்றுதான் சொல்வோம். பட்டறையில் இருபத்திரண்டு பேர். நாள் முழுக்கச் சங்கு ஊதிச் சோதிக்கிற இடமாதலால் அங்கே யாரும் சாதாரணமாகப் பேசுவதில்லை. சங்குக்காரர் ரகசியம் சொன்னால் எதிர்வீட்டில் பால் காய்ச்சுகிறவர் திரும்பிப் பார்ப்பார். அவருக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாகிறது. ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழாததால் இதுவரைக்கும் வீட்டில் சண்டையே வந்ததில்லை என்று அவரே சொன்னார். சொன்னது பக்கத்துத் தெருவுக்கும் கேட்டது.

அவரிடம் சங்கு வாங்க ஒரு வெளிநாட்டுக் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. அளவு சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி, சங்கு வார்க்கிற ஒன்பது அச்சுகளையும் வாங்கித் துறைமுகத்தில் தங்கள் கோடவுனில் வைத்துக்கொண்டது. அப்புறம் ஒருநாள், உங்கள் சங்கு இரண்டு மைல் தூரத்துக்குக் கேட்கவில்லை, ஒப்பந்தம் ரத்து என்று கடிதம் வந்தது. அச்சு மட்டும் திரும்பி வரவில்லை. அச்சு இல்லாத பட்டறையில் இருபத்திரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தகராறு வந்தால் உன் நாடும் வேண்டாம் என் நாடும் வேண்டாம், மூன்றாவது நாடு ஒன்றில் மூன்று நடுவர்கள் உட்கார்ந்து தீர்க்கட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. பெரிய வியாபாரங்களில் இப்படித்தான் எழுதுவார்கள். சங்குக்காரரும் வக்கீலம்மாவும் ஒரு சங்கைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அங்கே போனார்கள். மூன்று நாள் வாதம். நான்காம் நாள் காலையில் தலைமை நடுவர், இவ்வளவு பேசுவதற்கு ஒருதரம் ஊதிக் கேட்டுவிடலாமே என்றாராம். துறைமுகத்துக்குப் போய் ஊதினார்கள். தண்ணீரில் உட்கார்ந்திருந்த பறவைகள் எழுந்து போய் மூன்று நாள் திரும்பவில்லை. கரையை விட்டுப் போன கப்பலொன்று, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பி வந்தது. தலைமை நடுவரின் தலைவகிடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் போய்விட்டது. நான் அவர்களோடு போகவில்லை. ஆனால் அவருடைய பழைய போட்டோவையும் புதிய போட்டோவையும் பார்த்திருக்கிறேன்.

தீர்ப்பு நூற்றுப் பன்னிரண்டு பக்கம். சங்குக்குச் சத்தம் போதும், ஒன்பது அச்சுகளையும் முப்பது நாளில் திருப்பிக் கொடு என்று சாரம். முப்பது நாள் போயிற்று. கம்பெனி அசையவில்லை. அசையாதது மட்டுமில்லை, அச்சுகளைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோக ஒரு கப்பலில் இடமும் பிடித்துவிட்டது. நான் சொல்லப்போகிற நாளுக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குக் கப்பல். போனால் போனதுதான். அந்த நாட்டில் போய் வழக்காடச் சங்குக்காரருக்கு இன்னொரு ஆயுள் வேண்டும்.

நடுவர்கள் எவ்வளவு பெரிய மனிதர்களாக இருந்தாலும் அவர்களிடம் உத்தரவை நிறைவேற்றுகிற அமீனா கிடையாது. ஒரு பூட்டைத் திறக்க ஆள் கிடையாது. அங்கே எழுதிய தீர்ப்பு இங்கே கோடவுன் காவலாளிக்கு வெறும் காகிதம். நம் ஊர் நீதிமன்றம் அதை வாங்கிப் பார்த்து, இது நாமே சொன்ன தீர்ப்பு மாதிரி, நிறைவேற்றுங்கள் என்று உத்தரவு போட்டால்தான் பூட்டு திறக்கும். வழக்கை மறுபடி விசாரிக்க மாட்டார்கள். ஆனால் சட்டப்படி மூன்று காகிதம் கேட்பார்கள். ஒப்பந்தம் ஒன்று. நம் மொழியில் மொழிபெயர்ப்பு ஒன்று. அப்புறம் தீர்ப்பின் மூலம், அல்லது முறையாகச் சான்றிட்ட நகல்.

அந்தச் சான்றிட்ட நகல் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கட்சிக்கு ஒன்று வீதம் எங்களுக்கும் எதிர்த்தரப்புக்கும் அனுப்பியிருந்தார்கள். இடது மூலையில் இரண்டு துளை, அதில் சிவப்பு நாடா, நாடாவின் நுனிகளை அமுக்கித் தங்க நிறத்தில் ஒரு வட்ட ஒட்டுத்தாள், அதன் மேல் புடைத்த முத்திரை. கல்யாணப் பெண் மாதிரி வந்திருந்தது.

அன்று காலை எட்டரைக்குப் பெஞ்ச் கிளார்க் போன் செய்து, நீதிபதி படிக்க இன்னொரு பிரதி வேண்டும் என்றார். பதினோரு மணிக்கு வழக்கு. ஜெராக்ஸ் மெஷினில் வைத்துப் பார்த்தேன். நாடா மறைத்ததில் ஒவ்வொரு பக்கத்திலும் மேல் மூன்று வரியின் தொடக்கம் விழவில்லை. நாற்பத்தோரு வருஷத்தில் நான் அவிழ்க்காத டேக் இல்லை, பிடுங்காத குண்டூசி இல்லை. அவிழ், நகலெடு, மறுபடி கட்டு. இதுதான் எங்கள் தொழில். டீ கிளாஸின் ஆவியில் அந்த ஒட்டுத்தாளைக் காட்டினேன். ஆறின புண்ணிலிருந்து பிளாஸ்திரி வருவது போல வலிக்காமல் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் எடுத்தேன். மறுபடி கோத்து, கட்டி, ஒட்டினேன். ஒட்டின பிறகு முத்திரை கொஞ்சம் தட்டையாகத் தெரிந்தது. வயதானால் எல்லாரும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

பக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று மொழிபெயர்ப்போடு ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தில் அடியில் ஒரு வரி: 'இந்த நாடா அகற்றப்பட்டால் இச்சான்று செல்லாது.' போன வாரம் அதை டைப் செய்தவன் நான்தான். அகற்றப்பட்டால் என்பதற்கு ஒற்று வேண்டுமா என்று ஐந்து நிமிஷம் யோசித்துக்கூட இருக்கிறேன். விஷயம் மட்டும் மண்டைக்குள் போகவில்லை.

மணி ஒன்பது பத்து. இன்னொரு சான்றிட்ட நகல் அந்த நாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆகும். வெளியே பெஞ்சில் சங்குக்காரர் உட்கார்ந்திருந்தார். உத்தரவு கிடைத்தவுடன் கோடவுனுக்குப் போக லாரியையே பேசி வாசலில் நிறுத்தியிருந்தார். கதவிடுக்கு வழியாக என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். என் தலைதானே, ஆட்டினால் ஆடும்.

முப்பது நிமிஷம் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நீதிபதி கவனிக்க மாட்டார் என்றேன். கவனித்தாலும் கேட்க மாட்டார். கேட்டால் தபாலில் வந்தபோதே இப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடலாம். பொய் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு. ஆனால் கோர்ட்டுக்குள் அது ஏனோ வராது. ஒன்பது நாற்பதுக்கு வக்கீலம்மா அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், டீ கிளாஸ் உட்பட.

அவர் தீர்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டுத்தாளின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினார்.

"ஐயா, என்கிட்ட சொன்னது நல்லது. அரை மணி முன்னாடி சொல்லியிருந்தா இன்னும் நல்லது."

"பயமா இருந்துச்சும்மா."

"எனக்கு இப்ப இருக்கு."

மறைப்பதில்லை என்று முடிவு செய்தார். நாமே சொல்லிவிடுவோம், அச்சுகள் கப்பலேறாமல் தடை உத்தரவாவது கேட்டுப் பார்ப்போம் என்றார். ஆனால் அந்த நீதிபதி முழுக் காகிதம் இல்லாமல் தடை கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும். கட்சிக்காரரிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். அதுதான் தண்டனை என்று நினைக்கிறேன்.

சொன்னேன். சங்குக்காரர் கோபப்படுவார், கட்டடத்தில் நாலு கண்ணாடியாவது உடையும் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் சாய்ந்தார்.

"அப்ப நாளைக்கு ஆறு மணிக்குப் போயிடுமா?" என்றார்.

எனக்கு மட்டும்தான் கேட்டது. அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பதினோரு மணிக்கு வழக்கை அழைத்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எழுந்தார். கம்பெனியின் ஆட்சேபம் ஒன்றே ஒன்று. நான்காம் நாள் காலை சங்கை ஊதிக் காட்டியதில் நடுவர்கள் மூவருக்கும் காது அடைத்துவிட்டது. மத்தியானம் கம்பெனி செய்த இறுதி வாதம் அவர்கள் காதில் விழவே இல்லை. ஒரு தரப்பு தன் வழக்கைச் சொல்ல முடியாமல் போனால் அந்தத் தீர்ப்பை எந்த நாட்டு நீதிமன்றமும் ஏற்கக் கூடாது. சட்டத்தில் அப்படி ஒரு காரணம் உண்மையிலேயே இருக்கிறது. நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலும் இல்லை.

நீதிபதி மெல்லப் பேசுகிறவர். அவர் வாயைத் திறந்தால் மின்விசிறியை நிறுத்துவார்கள்.

"சங்கு சத்தம் கேட்கலங்கிறது உங்க வழக்கு. சத்தத்துல காது அடைச்சுப் போச்சுங்கிறது உங்க மனு. ரெண்டுல எது?"

வக்கீல் இரண்டு பக்கம் புரட்டினார். மூன்றாவதாக ஒன்றைத் தேடினார் போலிருக்கிறது. கிடைக்கவில்லை, உட்கார்ந்தார். ஆட்சேபம் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துபோனது. சங்குக்காரர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். இனி காகிதம்தான். என் காகிதம்.

வக்கீலம்மா எழுந்து, உத்தரவுக்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று நடந்ததைச் சொன்னார். 'எங்கள் அலுவலகத்தில்' என்றுதான் சொன்னார், என் பக்கம் திரும்பவே இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். சான்று போய்விட்டது, சட்டம் கேட்கிற காகிதம் இல்லை, மனுவைத் தள்ளுங்கள், மூன்று வாரம் கழித்துப் புதிதாக வரட்டும் என்றார். மூன்று வாரம் என்பதை ரசித்துச் சொன்னார்.

நீதிபதி எங்கள் பிரதியை வாங்கிப் பார்த்தார். பிறகு எதிர்த்தரப்பிடம், உங்களுக்கும் ஒரு சான்றிட்ட நகல் வந்திருக்குமே, அது எங்கே என்று கேட்டார். அவர்களுடைய குமாஸ்தா எழுந்து கொண்டுவந்து கொடுத்தான். அவனுக்குக் கோந்து என்று பெயர் வைத்தவன் நான். எதையும் ஒட்டாமல் விடமாட்டான், ஆளும் ஒட்டிக்கொண்டால் விடமாட்டான். முப்பது வருஷமாக எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் பேசிக்கொண்ட வார்த்தைகளை ஒரு தபால்தலையில் எழுதிவிடலாம். அந்தப் பிரதியின் நாடாவைப் பார்த்தேன். முடிச்சு, எங்கள் தொழிலில் போடுகிற முடிச்சு. வெளிநாட்டுக்காரன் போட்டதில்லை. கோந்தும் அவிழ்த்திருக்கிறான்.

நீதிபதிக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு குமாஸ்தாக்களும் இங்கேயே உட்கார்ந்து வரிக்கு வரி ஒத்துப் படியுங்கள் என்றார். இரண்டு கட்சியும் தனித்தனியாக வைத்திருந்த தீர்ப்பு ஒன்றேதான் என்றால் அது உண்மையான தீர்ப்புதான், நாடாவைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன். ஒரு வித்தியாசம் இருந்தாலும் புதுநகல் வரட்டும். நாலு மணிக்கு அறிக்கை வேண்டும். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

பக்கவாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். அவன் படிக்க நான் பார்க்க வேண்டும், அடுத்த பக்கம் நான் படிக்க அவன் பார்க்க வேண்டும். அவன் கம்பெனிக்கு ஒரு வித்தியாசம் கிடைத்தால் போதும், வழக்கு அவர்கள் கையில். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் அவன் விரல் நிற்கும் இடத்தில் என் உயிரும் நின்றது. சாப்பிடப் போகவில்லை. சங்குக்காரர் கடைசி பெஞ்சில் இருந்து எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த மொழி தெரியாது. ஐம்பதாம் பக்கத்தில் எனக்குத் தொண்டை கட்டியது. எழுபதில் அவனுக்கும். பிறகு இரண்டு தவளைகள் சட்டம் படித்தது போலிருந்தது.

"கண்ணாடிய மாத்துங்கண்ணே. வரி தாவுது," என்றான் ஒருதரம்.

"வரி தாவல. நீதான் தூங்குற."

முப்பது வருஷத்தில் அதுவரைக்கும் அதுதான் எங்கள் மிக நீண்ட உரையாடல்.

நூற்றெட்டாம் பக்கம் முடிந்தபோது மூன்று ஐந்து. அவன் படிக்க வேண்டிய முறை. படிக்கவில்லை. தாளைத் திருப்பினான், முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான்.

"அண்ணே, நூத்தி ஒம்போது காணோம்."

என் பிரதியில் இருந்தது. என்ன பக்கம் தெரியுமா? ஒன்பது அச்சுகளையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதின பக்கமே அதுதான். மற்ற நூற்றுப் பதினொன்றும் அதற்குப் போட்ட முன்னுரை, பின்னுரை. நகலெடுத்தபோது மெஷின் கண்ணாடியிலேயே விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று அவன் முணுமுணுத்தான்.

நான் யோக்கியன் மாதிரி எழுதிக்கொண்டு போகலாம். ஆனால் அன்றைக்கு நான் சொன்னது இதுதான்: "நூத்திப் பத்தைப் படி."

அவன் என்னைப் பார்த்தான்.

"சொன்னா உன் வேலை போகும். அவிழ்த்ததும் தெரியும், தொலைச்சதும் தெரியும். அங்க ஒருத்தர் இருபத்திரண்டு குடும்பத்தை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. நூத்திப் பத்தைப் படிடா."

"கோர்ட்டுல உட்கார்ந்துக்கிட்டு என்னால முடியாதுண்ணே."

சொல்லிவிட்டு எழுந்து நேரே மேடையின் முன்னால் போனான். தங்கள் பிரதியில் நூற்றொன்பதாம் பக்கம் இல்லை, தொலைத்தது தான்தான், நாடாவை அவிழ்த்ததும் தான்தான் என்று தவளைக் குரலில் சொன்னான். அவனுடைய வக்கீல் அவனைப் பார்த்த பார்வையில் அவன் சம்பளம் கரைந்தது. அடுத்த கணமே அவர் எழுந்து, வித்தியாசம் இருக்கிறது, தாங்கள் சொன்னபடியே மனுவைத் தள்ள வேண்டும் என்றார். வக்கீலம்மாவும் எழுந்தார். சங்குக்காரர் யாரையும் கேட்காமல் எழுந்து நின்றார்.

நீதிபதி கோந்துவிடம், எதற்காக அவிழ்த்தாய் என்று கேட்டார்.

"எங்க ஆட்சேப மனுவோட தீர்ப்பு நகல் இணைக்கணுங்கய்யா. அதுக்காக எடுத்தேன்."

"அந்த நகல்ல நூத்தி ஒம்போது இருக்கா?"

கோர்ட்டுக் கட்டிலிருந்து பெஞ்ச் கிளார்க் கம்பெனியின் மனுவை எடுத்தார். இருந்தது. சான்றிட்ட பக்கத்தைத்தான் கண்ணாடியில் விட்டிருக்கிறான். நகல் ஒழுங்காக விழுந்திருக்கிறது. அதன் அடியில், இது எங்களுக்கு வந்த தீர்ப்பின் உண்மை நகல் என்று கம்பெனி மேலாளர் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருந்தார், பக்கத்துக்குப் பக்கம். நான் எங்கள் பிரதியிலிருந்து படித்தேன். கோந்து அந்த நகலில் விரல் வைத்துக்கொண்டே வந்தான். கடைசிப் புள்ளியில் விரல் நின்றது.

"ஒத்துப்போகுதுங்கய்யா."

மீதி மூன்று பக்கத்தையும் அங்கேயே நின்று படித்தோம். நாலு மணிக்கு நீதிபதி உத்தரவு சொன்னார்: தீர்ப்பு ஏற்கப்படுகிறது, அமீனா இன்றே போய் ஒன்பது அச்சுகளையும் எடுத்து ஒப்படைக்க வேண்டும். தன் கட்சிக்குப் பாதகம் என்று தெரிந்தும் ஒரு குமாஸ்தா உண்மை சொன்னதைப் பதிவு செய்கிறேன் என்றும் அதில் ஒரு வரி சேர்த்தார். அந்த வரியைக் காட்டித்தான் அவன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டான் என்று பிற்பாடு தெரிந்தது. எனக்கு அப்படி எந்த வரியும் வரவில்லை. நூத்திப் பத்தைப் படி என்று நான் சொன்னதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

கோடவுன் ஐந்து மணிக்கு மூடும். உத்தரவு டைப்பாகி, கையெழுத்தாகி அமீனா கைக்கு வர நாலு முப்பத்தைந்து. லாரியில் முன்னால் அமீனாவும் சங்குக்காரரும், பின்னால் தொட்டியில் நான். டிரைவர் ஓட்டிய வேகத்தில் என் மேல்துண்டு இரண்டு சிக்னல் பின்தங்கி வந்தது. போய்ச் சேர்ந்தபோது காவலாளி சாவிக்கொத்தோடு கதவை இழுத்துக்கொண்டிருந்தான். அச்சுகள் பெட்டிகளில் அடைத்து, கப்பல் பெயர் எழுதி, வாசலுக்குப் பக்கத்திலேயே தயாராக இருந்தன. அமீனா உத்தரவைப் படித்துக் காட்டினார். காவலாளி மேலாளருக்குப் போன் செய்தான். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் மணி அடித்தது. பிறகு யாரோ எடுத்தார்கள். 'ம்' என்றான், மறுபடி 'ம்' என்றான், கதவை விட்டு நகர்ந்தான்.

சங்குக்காரர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, அச்சை விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். எதற்கென்று கேட்டேன். விரிசல் இருந்தா குரல் மாறும் என்று, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். லாரியில் ஏற்றி முடித்தபோது வக்கீலம்மாவிடமிருந்து போன் வந்தது.

"எத்தனை?"

"ஒம்போதும்மா."

"எண்ணினீங்களா, அவர் சொன்னாரா?"

"நான்தான் எண்ணினேன்."



"ஐயா, இன்னொரு தடவை எண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்தில் கால் வைத்து மறுபடியும் லாரியில் ஏறினேன்.